ஸ்டீயரிங் ராக் புஷ்: பிக்அப் வண்டியில் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது, எப்படி மாற்றுவது

பிக்அப்பில் ஸ்டீயரிங் லூஸ் என்றதும் "ராக் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். கீழே படுத்துப் பார்த்தால் பல வண்டிகளில் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் குறுக்குக் கம்பி அமைப்பு) நன்றாகவே இருக்கும். அதை கிராஸ் மெம்பரோடு (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) பிடித்து வைக்கும் ரப்பர் புஷ்தான் நைந்திருக்கும். புது ராக் வாங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் புஷ் செட் ஒன்றுமே இல்லை. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) போன வண்டிக்கு ராக் புஷ் மாற்றி அனுப்புவார்கள், மறு வாரமே அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வரும். அதனால் ராக் ஹவுசிங் நகர்வதைக் கண்ணால் பார்க்கும்வரை புஷ் வாங்கக் கூடாது. கீழே உள்ள சோதனைகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது ராக்தானா என்று பாருங்கள். பழைய பிக்அப்கள் பலவற்றிலும், முன் பக்கம் முழு ஆக்சில் உள்ள வண்டிகளிலும் ராக்குக்குப் பதிலாக ஸ்டீயரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம் என்ற அமைப்பு இருக்கும். அவற்றில் ராக் புஷ் என்ற பொருளே கிடையாது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக நீண்ட குழாய் போன்ற ஹவுசிங்கும், அதன் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையும் (பூட்) இருந்தால் அது ராக்.

வண்டிக்கு அடியில் போகும் வேலை எதுவாக இருந்தாலும் சமதளம், பின் சக்கரத்துக்குக் கட்டை, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் மூன்றும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

## அறிகுறி 1: நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "டொக்"

ராக் புஷ் போனதற்கான மிகத் தெளிவான அறிகுறி இதுதான். பார்க்கிங்கில் இடமும் வலமும் திருப்பும்போது, திசை மாறும் அந்த நொடியில் ஒரே ஒரு கனத்த "டொக்" கேட்கும். காலடியில், தரைத் தகட்டில் அந்த அதிர்வை உணரலாம். கையில், அதாவது ஸ்டீயரிங் வளையத்தில் தட்டுவதுபோல இருந்தால் சந்தேகம் முதலில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் மேல் போக வேண்டும்.

முதல் சோதனை, செலவு இல்லாதது. சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் அல்லது பார்க்கில் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஏனென்றால் பவர் ஸ்டீயரிங் தரும் முழு விசையில்தான் நைந்த புஷ் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே விட்டு விட்டு அசைக்க வேண்டும். நீங்கள் சக்கரத்துக்கு முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள்.

துணைக்கு ஆள் இல்லையென்றால் போனை ராக் தெரியும்படி தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுக்கலாம். தனியாகப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும்.

பார்வை கூர்மையாக வேண்டுமானால் இன்ஜினை நிறுத்திவிட்டு, ராக் ஹவுசிங்கிலிருந்து கிளாம்ப் வரை வெள்ளை பெயின்ட்டில் அல்லது சாக்பீஸில் ஒரே கோடு போடுங்கள். பிறகு மறுபடி அசைக்கச் சொல்லுங்கள். இனி நீங்கள் பார்ப்பதற்கு ஏற்ப வழி பிரியும்:

- கோடு லேசாக நெளிந்து திரும்பி வந்தால்: இயல்பு. ரப்பர் கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். புஷ்ஷைத் தொட வேண்டாம், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.
- கோடு இரண்டாக உடைந்து, ஹவுசிங் பக்கவாட்டில் மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தால்: புஷ் முடிந்தது, அல்லது போல்ட் லூஸ். போல்ட்டை முதலில் பாருங்கள். அது லூஸாக இருந்தால் சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்கி மறுபடி சோதியுங்கள். அப்போதும் நகர்ந்தால் புஷ்தான்.
- ஹவுசிங் மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டால்: பினியன் (ஸ்டீயரிங் ஷாஃப்ட் ராக்கோடு சேரும் இடத்துப் பல்சக்கரம்) இருக்கும் பக்கத்துப் புஷ்ஷைக் கவனமாகப் பாருங்கள்.
- ஹவுசிங்கோடு சேர்ந்து பிராக்கெட்டும் அசைந்தால்: போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், கிராஸ் மெம்பரில் விரிசல் இருக்கலாம். இது சேஸிஸ் வேலை தெரிந்த வெல்டரும் மெக்கானிக்கும் சேர்ந்து பார்க்க வேண்டியது. அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.
- ஹவுசிங் அசையவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது: ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட்டைப் பாருங்கள். மேல் பக்கத் துண்டு திரும்பத் தொடங்கிய பிறகுதான் கீழ்த் துண்டு திரும்புகிறதென்றால் அங்கேதான் ஆட்டம். ஷாஃப்ட்டைப் பினியனோடு இணைக்கும் கப்ளிங்கின் பிஞ்ச் போல்ட் (அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) லூஸானாலும் இதே சத்தம் வரும். அது நிமிட வேலை, ஆனால் அப்படியே விட்டால் ஸ்டீயரிங் கழன்றுபோகக்கூடிய ஆபத்து.

ரப்பரின் தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். வெளியே வெடிப்பு விட்ட ரப்பர் உள்ளே கெட்டியாக இருப்பதுண்டு. பளபளவென்று புதிதுபோல் தெரிவது ஆயிலில் ஊறி அல்வாவாக இளகியும் இருக்கும். பளபளப்பையும் உப்பலையும் கண்டால் எங்கிருந்து ஆயில் வருகிறது என்று மேலே பாருங்கள்: வால்வ் கவர் கேஸ்கெட், பவர் ஸ்டீயரிங் ஹோஸ் ஜாயிண்ட், ராக்கின் சீல். சில வண்டிகளில் ஆயில் ஃபில்ட்டரைக் கழற்றும்போது வழியும் ஆயில் நேரே ராக் புஷ்ஷின் மேல் விழும். கசிவை அடைக்காமல் புஷ் மாற்றினால் புதிதும் அதே வழியில் போகும்.

## அறிகுறி 2: நேர் ரோட்டில் வண்டி அலைகிறது, அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது

இதில் ராக் புஷ் கடைசிக்கு முந்தின சந்தேகம். வரிசையாகப் போங்கள்.

டயர் காற்று. நான்கும் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. பிக்அப்களில் காலி வண்டிக்கும் சுமை ஏற்றிய வண்டிக்கும் பின் டயர் அளவு வேறு வேறாக இருப்பது வழக்கம்.

சுமை. பின் ஆக்சிலுக்கும் பின்னால் கனத்தை ஏற்றினால் முன் பக்கம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். காலியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் நின்றுவிட்டால் வண்டியில் கோளாறில்லை, சுமையை முன்னால் தள்ளி ஏற்றினால் போதும்.

பின் பக்கம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமும் வண்டி நகர்ந்தால் முன்னால் தேடுவது வீண். லீஃப் ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு மாட்டும் இணைப்பு), ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் மூன்றையும் பாருங்கள். பின் ஆக்சில் இருக்கும் இடத்தில் நிற்காவிட்டால் அது பின்னாலிருந்து வண்டியைத் திருப்பும். ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங் லூஸ் போலவே படும்.

முன் சக்கர ஆட்டம். முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள், எது அசைகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும்.

- வெளி டை ராட் எண்ட்டில் விரல் வைத்தால் "டிக்" என்று படுகிறது: டை ராட் எண்ட் மாற்றி அலைன்மென்ட்.
- ரப்பர் பூட்டை மெல்ல அழுத்திப் பிடித்தால் உள்ளே தட்டுகிறது: இன்னர் டை ராட்.
- ஹவுசிங் முழுதும் பக்கவாட்டில் போகிறது: ராக் புஷ்.
- ஹவுசிங் நிற்கிறது, உள்ளே இருக்கும் ராக் கம்பி மட்டும் மேலும் கீழும் எழும்புகிறது: ராக்கின் உள் தேய்மானம். இது நிபுணர் வேலை.

அதே டயரை 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு பிடிக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். பிரேக்கை மிதித்துப் பிடித்ததும் அந்த ஆட்டம் போய்விட்டால் பேரிங். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும், ஆகவே அதில் ஆட்டம் கண்டால் மற்ற எதையும்விட முதலில் அதை மாற்றுங்கள்.

ராக்கின் உள் ஆட்டத்துக்கு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கிவிடும் பழக்கம் உண்டு. புஷ் போன வண்டியில்கூட அதை இறுக்கி ஆட்டத்தை மறைப்பார்கள். அளவுக்கு மேல் இறுகினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. வேகத்தில் போகும்போது அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 3: ஸ்டீயரிங்கின் சென்டர் மாறிக்கொண்டே இருக்கிறது

இடது பக்கம் திரும்பி நேரானால் வளையம் ஓர் இடத்தில் நிற்கிறது, வலது பக்கம் திரும்பி நேரானால் சற்றுத் தள்ளி நிற்கிறது. அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை, அல்லது சரியாகி மறுநாளே போய்விட்டது. ராக் முழுதாகத் தன் இடத்தைவிட்டு இடமும் வலமும் நகர்ந்து உட்காருவதால் இப்படி ஆகும். அறிகுறி 1இல் உள்ள கோட்டுச் சோதனையை இப்போதே செய்யுங்கள்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று உண்டு. கடைசியாகத் திரும்பிய பக்கத்துக்கே வண்டி தொடர்ந்து இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் கனமாக இருக்கிறது என்றால் அது இறுக்கம், ஆட்டமல்ல. துருப்பிடித்த ஷாஃப்ட் ஜாயிண்ட் அல்லது இறுகிப்போன பால் ஜாயிண்ட்டைத் தேடுங்கள்.

புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசை வீணாக்குவது. டயரின் உள் ஓரமோ வெளி ஓரமோ இறகுபோல் தேய்ந்திருந்தாலும் முதலில் ஆட்டத்தை நீக்கிவிட்டுத்தான் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும்.

## அறிகுறி 4: வளையத்தைத் திருப்பினாலும் சக்கரம் தாமதமாகத் திரும்புகிறது

இன்ஜின் ஓட, சக்கரம் நேராக இருக்க, டயர் அசையத் தொடங்கும்வரை வளையத்தின் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளவிடுங்கள். பல வண்டிகளின் மேனுவலில் உச்ச வரம்பு 30 மி.மீ. என்றுதான் இருக்கும், உங்கள் வண்டியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டினால் மேலிருந்து கீழாக வாருங்கள்: ஷாஃப்ட் ஜாயிண்ட், கப்ளிங், ராக் புஷ், டை ராட், கடைசியாக ராக்கின் உள்பகுதி. ஒரே இடத்தில் பெரிய ஆட்டம் இல்லாமல், இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தும் இருக்கும். வயதான வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

## அறிகுறி 5: குண்டு குழியில் கட கட, அல்லது வேகத்தில் உதறல்

ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கட கட என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் ஷாக் அப்சார்பர் புஷ்ஷையும் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறையும் உதறல் வீல் பேலன்ஸ் அல்லது டயர் கோளாறு. பிரேக் போடும்போது மட்டும் உதறினால் டிஸ்க். இவற்றுக்கு ராக் புஷ்ஷை மாற்றி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

## புஷ்தான் என்று உறுதியானால்: மாற்றும் முறை

புஷ் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ராக் குழாயைச் சுற்றி இருக்கும் வெட்டுள்ள ரப்பர். மேலே வளைந்த கிளாம்ப், இரண்டு போல்ட். மற்றொன்று, ஹவுசிங்கின் காதுக்குள் இறுக்கிச் சொருகிய வட்டப் புஷ். நடுவே இரும்பு ஸ்லீவ், அதன் வழியாக நீளப் போல்ட். பல பிக்அப்களில் ஒரு பக்கம் ஒரு வகையும் மறு பக்கம் மற்றதும் இருக்கும். முதல் வகை எளிது. நேரம் பிடிப்பது இரண்டாவது.

ரப்பரா, பாலியூரித்தேனா? ரப்பர் அமைதியாக இருக்கும், அதிர்வை விழுங்கும். பாலி ஆயிலுக்கு அதிகம் தாங்கும், ஸ்டீயரிங் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் ரோட்டின் அதிர்வு கைக்கு வரும். சுமை வண்டிக்கும் பெரிய டயர் போட்ட வண்டிக்கும் நான் பாலியைத்தான் சொல்வேன். தினசரி குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்குக் கம்பெனி ரப்பரே போதும். பாலிக்கு செட்டோடு வரும் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் போட்டால் அது உப்பிவிடும், சோப்புத் தண்ணீர் போதும்.

1. முந்தின நாளே போல்ட்களுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள்.
2. சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங்கைப் பூட்டி, சீட் பெல்ட்டை வளையத்துக்குள் நுழைத்து மாட்டிவிடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பின் வளையம் தன்போக்கில் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும். பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள்.
3. முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அடித் தகட்டைக் கழற்றுங்கள். சேறும் ஆயிலும் போகக் கழுவித் துடையுங்கள், போல்ட் தலை தெரியாமல் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும்.
4. வெளி டை ராட் எண்ட்டின் காட்டர் பின்னையும் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) நட்டையும் எடுத்து, புல்லர் போட்டு நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) விடுவியுங்கள். முள்கரண்டி போன்ற கருவியை அடித்து ஏற்றினால் பூட் கிழியும். டை ராட் கம்பியின் மேல் இருக்கும் லாக் நட்டைத் தொடாதீர்கள், அலைன்மென்ட் அங்கேதான் இருக்கிறது.
5. ஸ்டீயரிங் ஷாஃப்ட் கப்ளிங்கிலும் பினியனிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். பிஞ்ச் போல்ட்டை முழுதாக எடுத்தால்தான் கப்ளிங் நகரும், பாதி தளர்த்தி அடித்தால் வராது.
6. ராக்கை ஒரு பட்டையால் தொங்கவிட்டுத் தாங்குங்கள். அதன் கனம் ஹோஸில் விழக் கூடாது. பெரும்பாலும் ஹோஸைக் கழற்றாமலேயே புஷ்ஷுக்கு இடம் கிடைக்கும் அளவு ராக்கை முன்னுக்கு நகர்த்த முடியும்.
7. கிளாம்ப் வகையில் பழைய ரப்பரின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். புதிதும் அதே பக்கம் பார்க்க வேண்டும்.
8. காதுக்குள் இருக்கும் புஷ்ஷை எடுக்க நீளமான திரெட் ராட், தடித்த வாஷர்கள், ஒரு பெரிய சாக்கெட், ஒரு சிறிய சாக்கெட் போதும். சிறியது புஷ்ஷைத் தள்ளும், பெரியது மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும். நட்டை மெல்ல இறுக்குங்கள்.

எட்டாவதில்தான் பலர் ராக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள். ஹவுசிங் பெரும்பாலும் அலுமினியம், சுத்தியல் அடியில் காது வெடிக்கும். நெருப்பு வைத்து ரப்பரை எரிக்கிறவர்களும் உண்டு. அந்தச் சூடு பக்கத்திலுள்ள சீலைத் தின்றுவிடும், புகையும் நச்சு. ரப்பர் வராமல் அடம்பிடித்தால் டிரில்லால் பல இடங்களில் துளையிட்டு ஸ்லீவை முதலில் எடுங்கள். வெளி இரும்பு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால், உங்கள் செட் அந்த வளையத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறதா, எடுக்கச் சொல்கிறதா என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். எடுக்க வேண்டுமென்றால் ஹேக்ஸா பிளேடால் வளையத்தை மட்டும் அறுங்கள், அலுமினியத்தில் கீறல் விழுமுன் நிறுத்தி மீதியை உளியால் உள்நோக்கி மடக்கலாம்.

9. காதின் உள்பக்கத்தைத் துருவும் பிசினும் இல்லாமல் தேய்த்துச் சுத்தம் செய்து புது புஷ்ஷை அதே திரெட் ராடால் இழுத்து ஏற்றுங்கள். உள்ளே போகும் இரும்பு ஸ்லீவின் முனை புஷ்ஷைவிட ஒரு பொட்டு நீண்டிருக்க வேண்டும். போல்ட் இறுகுவது ஸ்லீவின் மேல்தான். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் லூஸாகும்.
10. எல்லாப் போல்ட்களையும் கையால் ஏற்றிய பிறகே இறுக்கத் தொடங்குங்கள். கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு. கழற்றிய லாக் நட், காட்டர் பின்களுக்குப் பதில் புதிது போடுங்கள்.
11. கப்ளிங்கைப் பெயின்ட் கோட்டுக்கு நேராகச் சேருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

ஹோஸைக் கழற்ற நேர்ந்திருந்தால் காற்றெடுக்க வேண்டும். முன் சக்கரம் தூக்கியபடியே, இன்ஜின் ஓடாமல், ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் திருப்பி ஆயில் ஊற்றுங்கள். நுரையும் குமிழியும் நின்ற பிறகு இன்ஜினைப் போடலாம்.

## மாற்றிய பிறகும் பிரச்சினை இருந்தால்

கீச்சிடும் சத்தம்: பாலி புஷ்ஷில் கிரீஸ் போதவில்லை. கழற்றி மறுபடி போட வேண்டும், மேலே ஸ்ப்ரே அடிப்பது சில நாள்தான் தாங்கும்.

அதே டொக்: கோட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ராக் அசையவில்லையென்றால் ஷாஃப்ட் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று அடுத்ததுக்குப் போங்கள்.

ஸ்டீயரிங் கோணல்: கப்ளிங் கோடு சரியாக இருந்தால் அலைன்மென்ட். ராக் இப்போது தன் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழைய அலைன்மென்ட் நகர்ந்த இடத்துக்கு ஏற்ப வைத்தது. ஆகவே புஷ் மாற்றினால் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

ஸ்டீயரிங் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரிகிறது: எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் கோண சென்சாருக்கு ஸ்கேனர் வைத்துப் பூஜ்யம் போட வேண்டியிருக்கும். ஏர்பேக் விளக்கென்றால் சுருள் கேபிளைச் சந்தேகியுங்கள். இரண்டையும் கருவி உள்ள இடத்தில் காட்டுங்கள்.

## எங்கே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்

கிராஸ் மெம்பரில் விரிசல், ஓட்டைத் தேய்மானம், காது வெடித்த ஹவுசிங் என்றால் உடனே நிறுத்துங்கள். பூட்டைக் கிள்ளினால் ஆயில் சொட்டுகிறது என்றால் ராக்கின் உள் சீல் போயிருக்கிறது. அப்போது புஷ் மட்டும் மாற்றாமல், ராக்கை இறக்கும்போதே இரண்டு வேலையையும் சேர்த்து முடிக்கச் சொல்லுங்கள். போல்ட் பாதியில் முறிந்தாலும், ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் கைவசம் இல்லாவிட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டீயரிங்கில் தோராயத்துக்கு இடமில்லை.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் போட்டு, இரு முனை வரை திருப்பி, பூட் முறுக்கியிருக்கிறதா, ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். முனையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பம்ப் சூடாகும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து உலோகம் வரை ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே ரோட்டுக்குப் போங்கள். ஒரு வாரம் ஓடிய பின் அந்தக் கோடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. இறுக்குவதற்கு முன் ஸ்லீவையும் ஓட்டையையும் மறுபடி சோதியுங்கள்.